ஸ்கூட்டர் நிற்கும் எட்டு மணி நேரம்

மின்சார ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் மகனிடமோ மகளிடமோ வீட்டார் சொல்லி அனுப்பும் புத்திமதி பெரும்பாலும் வீதியைப் பற்றியதுதான். ஹெல்மட்டைப் போடு, பஸ்ஸை ஒட்டிப் போகாதே, மழையில் மெதுவாகப் போ. எல்லாம் தேவையான புத்திமதிதான். ஆனால் கண்டியில் வேலைக்கு வரும் ஒருவரின் ஸ்கூட்டர் ஓடுவது நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால், வேலைத்தலத்தில் சும்மா நிற்பது எட்டு மணி நேரம். அதில் பாதிக்கு மேல் சார்ஜில் நிற்கிறது. அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் முதலாளி ஊழியரைக் காட்டுவார், ஊழியர் வண்டி விற்ற கடையைக் காட்டுவார். வண்டி ஊழியருடையதாக இருக்கலாம். அது சார்ஜ் ஆகும் இடமும் வயரும் வாசலும் முதலாளியுடையவை. ஆகவே அந்த எட்டு மணி நேரத்தின் பாதுகாப்பு வேலைத்தலத்தின் கடமை என்பதே என் கட்சி.

இந்த வண்டிகள் ஆடம்பரத்துக்காக வந்தவையல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. அந்த ஆண்டு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு லீற்றர். அதன்பின் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தின் அடிப்படையில் மின்சார வாகனம் கொண்டுவர அனுமதி கிடைத்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திறந்தது. கண்டிக்கு இதில் தனி நன்மையும் உண்டு. மலைகள் சூழ்ந்த குழிக்குள் இருக்கும் நகரம் இது. வாகனப் புகை எளிதில் கலைவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும பல ஆண்டுகளாக எச்சரித்து வந்த விடயம் இது. புகை விடாத வண்டி இந்த நகரத்துக்கு வேண்டியதுதான்.

ஆனால் அதே மலைதான் சிக்கலையும் கொண்டுவருகிறது. பரவலாக உள்ள 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்றில் அடங்குவது 1,200 வாட்-மணி. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 170 கிலோ என்று வைத்துக்கொண்டால், 200 மீற்றர் உயரம் ஏற 93 வாட்-மணி வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 120ஐத் தாண்டும். அதாவது தட்டையான வீதியில் போனால் ஆகும் செலவுக்கு மேலாக, பற்றரியில் பத்தில் ஒரு பங்கு ஏற்றத்துக்கு மட்டும் போய்விடுகிறது. பின்னால் இன்னொருவர் இருந்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஹந்தானைப் பக்கமோ ஹீரஸ்ஸகலப் பக்கமோ இருப்பவர் காலையில் இறங்கி வந்து மாலையில் ஏற வேண்டும். எனவே காலையில் வந்ததும் பிளக்கைத் தேடுகிறார். மேட்டில் உள்ள வேலைத்தலத்துக்கு ஏறி வருபவரோ சூடேறிய பற்றரியோடு, பல நாட்களில் நனைந்த வண்டியோடு வந்து சேர்கிறார். சூடு தணியாத பற்றரியையும் ஈரம் காயாத சார்ஜிங் துளையையும் உடனே மின்சாரத்தில் மாட்டுவது கூடாது. அரை மணி நேரம் விட்டு மாட்டச் சொல்ல வேலைத்தலத்தில் ஆளில்லை.

மாட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். பழைய கடைக் கட்டடங்களில் வண்டி நிறுத்த மிச்சமிருப்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலைதான். பக்கத்திலேயே அட்டைப்பெட்டிகள். சுவரில் பழைய உருண்டைப் பின் சொக்கட். அதில் ஒரு அடப்டர். அதிலிருந்து மல்டி பிளக். அதில் ஸ்கூட்டர் சார்ஜரோடு கேத்தலும் போன் சார்ஜர்களும். சார்ஜரின் மேல் யாரோ காயப்போட்ட மழைக்கோட்டு. ஸ்கூட்டர் சார்ஜர் இழுக்கும் மின்சாரம் பெரிதல்ல, சில நூறு வாட் அளவுதான். கேத்தல் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஆனால் கேத்தல் சில நிமிடங்களில் நின்றுவிடும், பக்கத்தில் ஆளும் இருக்கும். சார்ஜர் ஐந்தாறு மணி நேரம் ஓயாமல், பார்ப்பாரின்றி ஓடுகிறது. தளர்ந்த பின் ஒன்று மெல்லச் சூடாகிக் கருகுவதற்கு அந்த நேரம் தாராளம். 2018 முதல் இலங்கையில் 13 ஆம்பியர் சதுரப் பின் முறையே தரமாக்கப்பட்டிருந்தும் பழைய சொக்கட்டுகள் சுவர்களிலிருந்து போய்விடவில்லை.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அயலில் சான்று உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் விட்ட ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 12 அன்று செகந்தராபாத்தில், ரூபி ஹோட்டல் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் தீ பரவியது. மேல்மாடிகளில் தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். நியூயோர்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பற்றரித் தீ 268 முறை ஏற்பட்டது, 18 பேர் மாண்டார்கள். அதில் நால்வர் மன்ஹாட்டனில் மின்சாரச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையொன்று எரிந்தபோது அதன் மேலே குடியிருந்தவர்கள். பற்றரி கீழே, மனிதர்கள் மேலே, நடுவில் புகை ஏறும் படிக்கட்டு என்பதுதான் செகந்தராபாத்துக்கும் மன்ஹாட்டனுக்கும் பொதுவான அமைப்பு. கண்டியில் மாடிப்படிக்குக் கீழ் நிற்கும் ஸ்கூட்டரும் அதே அமைப்பில்தான் நிற்கிறது. லித்தியம் பற்றரியின் ஒரு கலம் கட்டுமீறிச் சூடானால் அடுத்த கலத்தையும் சூடாக்கும். வெளியே சுவாலையைப் பவுடர் தீயணைப்பான் அடக்கினாலும் உள்ளே சூடு தொடரும். ஈயப் பற்றரிதானே, பயமில்லை என்பாரும் உண்டு. அது அப்படி எரியாது. ஆனால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றோட்டமில்லாத மூலை அதற்கும் ஆகாது.

அப்படியானால் வேலைத்தலத்தில் சார்ஜ் செய்வதையே தடை செய்துவிடலாமே என்று நிருவாகிகள் கேட்பார்கள். தடையுத்தரவு எழுத ஒரு தாள் போதும். ஆனால் பற்றரி குறைந்த வண்டியோடு மாலையில் மேடேற முடியாதவர் என்ன செய்வார்? பற்றரியைக் கழற்றிப் பைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோய், களஞ்சியத்திலோ சாப்பாட்டு அறையிலோ மேசைக்கு அடியில் மாட்டுவார். முற்றத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து, தடைக்குப் பின் கட்டடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபோகும். பெற்றோல் வண்டிதான் அதிகம் எரிகிறது, அதை யாரும் கேட்பதில்லையே என்பது இன்னொரு ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. நல்ல மின்சார வண்டியொன்று பெற்றோல் வண்டியைவிட ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றோலை யாரும் படிக்கட்டின் கீழ் ஆறு மணி நேரம் ஊற்றிக்கொண்டிருப்பதில்லை. எரிபொருள் நிரப்பும் வேலை வேலைத்தலத்துக்குள் வந்துவிட்டது என்பதே இங்கு புதிது. மின்கட்டணம் யார் தருவது என்ற கேள்விக்கு விடை எளிது: வெறும் பற்றரியை நிரப்பவே ஒன்றரை யூனிட் அளவுதான் ஆகும். மாதம் ஒரு தொகை பிடித்துக்கொண்டாலும் ஊழியர் மறுக்கமாட்டார்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தீயிலிருந்து தப்பும் வழியைத் தடையின்றி வைத்திருக்கச் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம், நட்டஈட்டின் உச்ச அளவை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியதோடு, வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. ஊழியர் எந்த வண்டியில், எந்த நிலையில் வந்துபோகிறார் என்பது இனி முதலாளியின் கணக்குப் புத்தகத்தையும் தொடும் விடயம்.

செய்ய வேண்டியதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. பல்லேகலைக் கைத்தொழில் வலயம் போன்று முற்றம் உள்ள இடங்களில், கட்டடத்தையும் வெளியேறும் வாசலையும் விட்டுத் தள்ளி ஒரு கூரை போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி 13 ஆம்பியர் சொக்கட்டும், அந்தச் சுற்றுக்கென ஒரு ட்ரிப் சுவிட்சும் வைத்தால் போதும். அதே முற்றத்தில் லொறியும் ஃபோர்க்லிஃப்டும் நடமாடுமானால், ஓசையின்றி வரும் ஸ்கூட்டரை நடை வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற விதியும் வேண்டும். நகரத்தின் ஒடுங்கிய கடைகளில் இதற்கு இடமில்லை என்பது உண்மை. அங்கே விதி வேறு: படிக்கட்டின் கீழும் வாசல் வழியிலும் சார்ஜ் இல்லை, இடம் கிடைக்காவிட்டால் வீட்டில் சார்ஜ் செய்து வருவது, அதுவும் வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில், அல்லது வெளிச்சுவரில் நனையாத ஒரு சொக்கட். எங்கும் பொருந்துபவை சில உண்டு. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் வேண்டாம். விழுந்து அடிபட்ட, உப்பிய, மணம் வரும் பற்றரியை மாட்ட வேண்டாம். கடை பூட்டும் நேரத்தில் எதுவும் சார்ஜில் இருக்கவேண்டாம். தீப்பிடித்தால் மெயின் சுவிட்சை நிறுத்த முடிந்தால் நிறுத்தி, எல்லோரும் வெளியேறி, 110ஐ அழைப்பது. பற்றரியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இந்தியா 2022 விபத்துகளுக்குப் பின் பற்றரித் தரத்தை இறுக்கியது. நியூயோர்க் 2023 செப்டெம்பர் முதல் சான்றிதழ் இல்லாத பற்றரியின் விற்பனையையே தடுத்தது. இரண்டும் உயிர்கள் போன பிறகு வந்த விதிகள். இறக்குமதி செய்யப்படும் பற்றரியின் தரத்தை அரசு பார்க்கட்டும். அது நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று ஒவ்வொரு முதலாளிக்கும் உண்டு. ஸ்கூட்டர் சார்ஜில் நிற்கும் இடத்துக்குப் போய், இது இப்போது எரிந்தால் மேலே இருப்பவர்கள் எந்த வழியால் இறங்குவார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வழி ஸ்கூட்டரைத் தாண்டித்தான் போகிறது என்றால், அன்றைக்கே வண்டியை இடம் மாற்றியாக வேண்டும்.