ஏதிலியர் நலச் செலவும் அரசின் பொறுப்புக்கூறலும்: பிரித்தானிய அனுபவம்

ஆய்வுச் சுருக்கம்

புகலிடம் கோரி வருவோருக்கு உறைவிடமும் உணவும் அளிப்பது அரசின் கடமையாகக் கொள்ளப்பட்டுவந்துள்ளது. அக்கடமைக்கெனச் செலவிடப்படும் பொதுப்பணத்திற்கு அரசு எவ்வாறு கணக்குக் காட்டுகிறது என்பதைப் பிரித்தானியாவின் அண்மைக்கால நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நாடாளுமன்ற ஒப்புதல், ஒப்பந்தம், தணிக்கை, நீதிமன்றம் ஆகிய நான்கு நிலைகளிலும் பொறுப்புக்கூறல் எங்கே செயற்பட்டது, எங்கே தளர்ந்தது என்பது இதில் விளக்கப்படுகிறது. வலுவான தணிக்கை அமைப்பு இருந்தும் செலவு கட்டுமீறியதற்கு, கணக்குக் கேட்கும் நேரமும் கணக்குக் கேட்பவர் யார் என்பதும் காரணங்களாக அமைந்தன என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

முக்கியச் சொற்கள்: ஏதிலியர், புகலிடம், பொறுப்புக்கூறல், தணிக்கை, துணை மானியக் கோரிக்கை, ஒப்பந்தம்.

முன்னுரை

பிரித்தானியாவில் புகலிடம் கோரிய ஒருவர், தம் விண்ணப்பத்தின் மீது முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்ய இயலாது. ஆகவே, வறிய நிலையில் உள்ள விண்ணப்பதாரருக்கு உறைவிடமும் வாழ்க்கைப்படியும் வழங்க 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டம் வழிசெய்கிறது. இப்பொறுப்பு உள்துறை அமைச்சகத்தைச் சாரும்.

இச்செலவு பெருகியதற்கு வந்தோரின் எண்ணிக்கையை மட்டும் காரணமாகக் கூற இயலாது. முடிவெடுப்பதில் ஏற்பட்ட காலத்தாழ்வும் அதற்கு இணையான காரணமாகும். 2023 ஜூன் இறுதியில் முதற்கட்ட முடிவுக்காகக் காத்திருந்தோர் 1,75,000 பேருக்கும் மேற்பட்டிருந்தனர். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அரசுக்குச் செலவு நாளாகிறது. வாடகை வீடுகள் போதாமையால் தங்கும் விடுதிகள் அமர்த்தப்பட்டன. 2023 செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 56,000 பேர் விடுதிகளில் தங்கியிருந்தனர். தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி 2023-24ஆம் நிதியாண்டில் புகலிட ஆதரவுக்கு 470 கோடி பவுண்டு செலவாயிற்று. அதில் 310 கோடி பவுண்டு விடுதிகளுக்கு மட்டுமே சென்றது.

இத்தகைய பெருந்தொகைக்கு யார், எவரிடம், எப்போது கணக்குக் காட்டினர் என்பதே இங்கு ஆய்வுக்குரிய வினாவாகும்.

பொறுப்புக்கூறலின் கட்டமைப்பு

பிரித்தானிய முறையில் அமைச்சகம் ஒவ்வொன்றின் நிரந்தரச் செயலாளரும் அதன் கணக்குப் பொறுப்பு அலுவலராக விளங்குகிறார். செலவானது விதிக்கு உட்பட்டதா, முறையானதா, பணத்திற்கேற்ற பயன் தருவதா, நடைமுறைக்கு இயலுவதா என்னும் நான்கு அளவுகோல்களுக்கும் அவர் நாடாளுமன்றத்தின் முன் நேரடியாக விடை கூறக் கடமைப்பட்டவர். 1861இல் தோன்றிய பொதுக் கணக்குக் குழு அவரை விசாரிக்கிறது. 1983ஆம் ஆண்டின் தேசியத் தணிக்கைச் சட்டத்தின்வழி அமைந்த தேசியத் தணிக்கை அலுவலகம் சிக்கனம், திறன், பயன்விளைவு ஆகியவற்றை ஆய்ந்து அக்குழுவுக்குத் துணைநிற்கிறது. 1921இல் இந்தியாவில் அமைக்கப்பெற்ற பொதுக் கணக்குக் குழுவும் இம்மரபின் வழிவந்ததே. ஆகவே பிரித்தானிய அனுபவம் இந்திய நிதி நிருவாகத்தைப் பயில்வோருக்கும் தொடர்புடையதாகிறது.

ஒப்புதல் நிலை: முன்னறிந்தும் மதிப்பிடப்படாத செலவு

நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அரசு செலவிடலாகாது என்பது பொறுப்புக்கூறலின் முதற்படி. இப்படியிலேயே தளர்வு தோன்றியது. நிதியாய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் புகலிடம், எல்லை, நுழைவிசைவு, கடவுச்சீட்டுப் பணிகளுக்கு உள்துறை அமைச்சகம் தொடக்க மதிப்பீடாகக் காட்டிய தொகை ஆண்டுக்குச் சராசரியாக 11 கோடி பவுண்டு மட்டுமே. உண்மைச் செலவோ ஆண்டுக்குச் சராசரியாக 260 கோடி பவுண்டு. மூன்றாண்டுகளில் ஏற்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 760 கோடி பவுண்டு.

இவ்வேறுபாட்டைக் கணிப்புப் பிழை எனக் கொள்ள இயலாது. முதலாண்டில் எதிர்பாராமை எனக் கூறலாம்; அதே குறைமதிப்பீடு மூன்றாம் ஆண்டிலும் தொடர்ந்தமையால் அது ஒரு நடைமுறையாகவே மாறிவிட்டது எனலாம். ஆண்டின் தொடக்கத்தில் சிறுதொகை காட்டப்பட்டது. எஞ்சிய தொகை கருவூலத்தின் அவசர இருப்பிலிருந்து பெறப்பட்டு, நிதியாண்டின் இறுதியில் துணை மானியக் கோரிக்கையாக அவையின்முன் வைக்கப்பட்டது. அக்கோரிக்கை வரும்போது பணத்தின் பெரும்பகுதி செலவாகி முடிந்திருந்தது. செலவழிந்த தொகையை மறுக்கும் வாய்ப்பு அவைக்குப் பெயரளவிலேயே இருந்தது. விதி மீறப்படவில்லை எனினும், விதியின் நோக்கம் நிறைவேறவில்லை.

உதவி நிதியின் இடமாற்றம்

செலவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய மற்றொரு காரணி வெளிநாட்டு வளர்ச்சி உதவி நிதியாகும். ஏதிலியர் வந்த முதலாண்டில் அவர்களுக்கு உள்நாட்டில் ஆகும் செலவின் ஒரு பகுதியை வளர்ச்சி உதவியாகக் கணக்கிடப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் விதிகள் இடமளிக்கின்றன. பிரித்தானியா இவ்விதியைப் பெருமளவில் பயன்படுத்தியது. 2022இல் 370 கோடி பவுண்டு, அதாவது அவ்வாண்டின் மொத்த உதவி நிதியில் 28.9 விழுக்காடு, நாட்டுக்குள்ளேயே செலவிடப்பட்டது. 2023இல் இத்தொகை ஏறத்தாழ 430 கோடி பவுண்டாக உயர்ந்தது.

உதவி நிதியின் உச்ச அளவு 2021 முதல் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. எனவே உள்நாட்டில் ஒரு விடுதி அறைக்குக் கொடுத்த பணம், வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்குரிய பணத்திலிருந்தே கழிந்தது. உதவியின் விளைவை ஆராயும் சுதந்திர ஆணையம் 2023 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு இதன் நிருவாக விளைவைச் சுட்டியது. செலவைக் கட்டுப்படுத்தும் ஊக்கம் உள்துறை அமைச்சகத்திற்குக் குறைவாகவே இருந்தது என்பது அதன் சாரம். செலவிடும் துறை ஒன்றாகவும் இழப்பைத் தாங்கும் துறை வேறொன்றாகவும் அமையுமிடத்தில், சிக்கனத்திற்கு உரிமை கொண்டாடுவார் எவருமில்லை. வெள்ளம், பஞ்சம் முதலியவற்றால் பாதிக்கப்பட்ட வேற்றுநாட்டு மக்களே இதன் இறுதி இழப்பாளர்கள். அவர்களுக்குப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்போர் அரியர்.

ஒப்பந்த நிலை: பத்தாண்டுப் பிணைப்பு

2019இல் நடைமுறைக்கு வந்த பத்தாண்டு ஒப்பந்தங்களின்படி நாடு ஏழு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுச் செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் உறைவிடப் பணி ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் சேர்த்து 450 கோடி பவுண்டு ஆகும் எனத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது. இத்தொகை 1,530 கோடி பவுண்டாக உயரும் எனத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 மே மாதம் தெரிவித்தது. 2024-25ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் இவ்வுறைவிடங்களில் இருந்தோரில் 35 விழுக்காட்டினரே விடுதிகளில் தங்கியிருந்தனர். ஆயினும் ஒப்பந்தச் செலவில் 76 விழுக்காட்டை விடுதிகள் எடுத்துக்கொண்டன. 2019 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு வரை மூன்று நிறுவனங்களும் தெரிவித்த மொத்த ஆதாயம் 38.3 கோடி பவுண்டாகும்.

ஆதாயம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மிகுதியை அரசுக்குத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதி ஒப்பந்தங்களில் இருந்தது. அவ்விதியின்கீழ் மியர்ஸ் 1.38 கோடி பவுண்டையும் கிளியர்ஸ்பிரிங்ஸ் 3.2 கோடி பவுண்டையும் ஒதுக்கி வைத்திருப்பதாக 2025இல் நாடாளுமன்ற உள்துறைக் குழுவிடம் கூறின. அமைச்சகத்தின் தணிக்கை முடியாமையால் அத்தொகை அப்போது அரசுக்கு வந்து சேரவில்லை. ஒப்பந்தத்தில் நல்ல விதியைச் சேர்ப்பது பொறுப்புக்கூறலில் பாதியே. அதனைக் காலத்தே செயற்படுத்தும் ஆட்களும் திறனும் துறையிடம் இருத்தல் மறுபாதி என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தணிக்கை நிலை: காலங்கடந்த கணக்கு

விடுதிகளுக்கு மாற்றாகப் படைத்தளங்கள், பழைய வளாகங்கள், கப்பல் முதலிய பேரிடங்களை அரசு நாடியது. சிக்கனமே இதற்குக் கூறப்பட்ட காரணம். ஆயின் இவ்விடங்கள் விடுதிகளைவிட மிகுதியாகவே செலவு வைக்கும் என 2024 மார்ச்சில் தணிக்கை அலுவலகம் கணித்தது. லிங்கன்சயரின் ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளத்தில் ஏறத்தாழ 6 கோடி பவுண்டு செலவான பின்னர், ஒருவரும் குடியேறாமலேயே 2024 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

கிழக்கு சசெக்சிலுள்ள நார்த்ஐ என்னும் பழைய சிறை வளாகத்தின் கதை இன்னும் தெளிவானது. உள்துறை அமைச்சகம் அதனை 2023 செப்டம்பரில் 1.54 கோடி பவுண்டுக்கு வாங்கியது. விற்றவர்கள் ஓராண்டுக்கு முன் அதனை 63 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியிருந்தனர். கட்டடங்களில் கல்நார் கலந்திருப்பதும் நிலம் மாசடைந்திருப்பதும் வாங்குமுன்னரே அமைச்சகத்திற்குத் தெரிந்திருந்தன. புகலிடம் கோருவோரைத் தங்கவைக்க அவ்விடம் பயன்படவே இல்லை. இவற்றையெல்லாம் தணிக்கை அறிக்கை வெளிப்படுத்தியது 2024 நவம்பரில். அதற்குள் ஆட்சியே மாறியிருந்தது. தவறு துல்லியமாகப் பதிவாயிற்று. ஆனால் பணம் மீளவில்லை.

ருவாண்டாத் திட்டம் கணக்குப் பொறுப்பு அலுவலரின் அதிகார எல்லையைக் காட்டுகிறது. புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் பிறரைத் தடுத்து நிறுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. ஆகவே பணத்திற்கேற்ற பயன் உண்டெனத் தம்மால் சான்றளிக்க இயலாது என உள்துறை நிரந்தரச் செயலாளர் 2022 ஏப்ரலில் எழுத்தில் தெரிவித்தார். உள்துறை அமைச்சர் பிரீத்தி பட்டேல் எழுத்து வடிவிலான பணிப்பாணை பிறப்பித்துத் திட்டத்தைத் தொடரச் செய்தார். 2023 நவம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டம் சட்டத்திற்குப் புறம்பானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளில் 70 கோடி பவுண்டு செலவானதாகவும் அதில் 29 கோடி பவுண்டு ருவாண்டா அரசுக்குச் சென்றதாகவும் புதிய அரசு 2024 ஜூலையில் அறிவித்தது. தாமே இசைந்து சென்ற நால்வர் மட்டுமே அங்கு அனுப்பப்பட்டனர்.

இங்குக் கட்டமைப்பு தன் பணியைச் செய்யவில்லை எனக் கூறவியலாது. எச்சரிக்கை காலத்தே தரப்பட்டது. முடிவின் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் பதிவாயிற்று. ஆனால் பணிப்பாணை முறை பொறுப்பை அலுவலரிடமிருந்து அமைச்சருக்கு மாற்றுமேயன்றிச் செலவைத் தடுக்காது. அமைச்சரின் பொறுப்பு அரசியற் பொறுப்பு. அது தேர்தலில் தீர்க்கப்படுவது.

நீதிமன்ற நிலை: பயனாளியின் ஒரே வாயில்

மேற்கூறிய மூன்று நிலைகளிலும் புகலிடம் கோருபவர் ஒரு செலவினமாகவே தோன்றுகிறார். அவர் வரி செலுத்துபவராகவோ வாக்காளராகவோ கருதப்படுவதில்லை; ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரும் அல்லர். தமக்கெனச் செலவிடப்படும் பணத்திற்குக் கணக்குக் கேட்க அவருக்குள்ள முதன்மை வாயில் நீதிமன்றம்.

2022இல் விலைவாசி உயர்ந்தபோது வாரப்படியை 40.85 பவுண்டிலிருந்து 45 பவுண்டாக உயர்த்தவேண்டும் என உள்துறை அலுவலர்களே அறிவுறுத்தியிருந்தனர். அது நிறைவேற்றப்படாத நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்டு உயர்வுக்கு வழிசெய்தது. அமைச்சகத்தின் உள் ஆவணமே அமைச்சகத்திற்கு எதிரான சான்றாயிற்று. அதற்கு முன்னரே, கென்ட் பகுதியிலுள்ள நேப்பியர் படைக்குடியிருப்பில் கொரோனாத் தொற்று பரவிய பின்னர், அங்கு அளிக்கப்பட்ட உறைவிடம் சட்டம் கோரும் தரத்தில் இல்லை என 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் கண்டது.

ஈழத் தமிழர் தொடர்பான ஒரு வழக்கும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2021 அக்டோபரில் படகு பழுதுற்று டியேகோ கார்சியாத் தீவை அடைந்த தமிழர்கள் அங்கேயே ஆண்டுக்கணக்கில் கூடாரங்களில் வைக்கப்பட்டனர். பிரித்தானிய ஆளுகைக்குட்பட்ட அத்தீவில் ஏதிலியர் உடன்படிக்கை செல்லுபடியாகாது என்பது பிரித்தானிய அரசின் நிலைப்பாடு. அவர்களைச் சட்டத்திற்குப் புறம்பாகத் தடுத்து வைத்ததாக அப்பகுதியின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் அம்மாதமே பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். செலவு யாருடையது என்னும் வினாவுக்கு முன்னர், கடமை யாருடையது என்னும் வினாவுக்கு விடை வேண்டும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

செலவின் பெருக்கமும் வாழ்வின் தரமும் ஒன்றாக உயரவில்லை என்பது இவ்விடத்துக் கருதத்தக்கது. விடுதிகளுக்கு ஆண்டுக்கு 310 கோடி பவுண்டு சென்றபோது, உணவு வழங்கும் விடுதியில் தங்கியவரின் கைக்கு வந்த வாரப்படி 2024இல் 8.86 பவுண்டு. பொதுவெளியில் செலவின் அளவு புகலிடம் கோருவோருக்கு எதிரான வாதமாகிறது. அவர்கள் பெற்றதோ அச்செலவின் மிகச் சிறு கூறு.

முடிவுரை

பிரித்தானிய அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பொறுப்புக்கூறலின் வலிமை அது நிகழும் காலத்தைப் பொறுத்தது. செலவுக்கு முந்தைய மதிப்பீடு மெய்யாக இருந்தால்தான் பிந்தைய தணிக்கைக்குப் பொருளுண்டு.

இரண்டாவது, செலவிடும் அதிகாரமும் செலவைத் தாங்கும் சுமையும் ஒரே துறையிடம் இருத்தல் வேண்டும். உதவி நிதியின் இடமாற்றம் இவ்விணைப்பை அறுத்தது.

மூன்றாவது, பணத்திற்கேற்ற பயன் என்னும் அளவுகோலில் பயன் யாருக்கு என்பது தெளிவாக்கப்பட வேண்டும். ஓர் இரவுக்கு ஆகும் தொகையை மட்டும் அளக்கும் தணிக்கை, குறைந்த விலையில் மோசமான உறைவிடம் அளிப்பதைச் சிக்கனம் எனக் கொள்ளக்கூடும். விரைவான, நேர்மையான முடிவெடுப்பே செலவையும் துன்பத்தையும் ஒருங்கே குறைக்கும் வழி. விண்ணப்பம் தேங்கிய காலத்தையும் செலவுக் கணக்கின் ஒரு பகுதியாகத் தணிக்கை கொள்ளுமாயின், வரி செலுத்துவோரின் நலனும் புகலிடம் கோருவோரின் நலனும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பது புலனாகும்.