வானூர்தியைக் காப்போர்

சென்னை மாநகரின் வடபால் உள்ள புளியந்தோப்பில் வாழ்வோர்க்குப் புகைவண்டியின் ஓசை புதிதன்று. புகை நீங்கிப் பல்லாண்டு ஆகியும் அப்பெயர் மட்டும் நீங்கவில்லை. சென்ட்ரல் நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்ட நெடுந்தொலைவு வண்டிகள், அடுத்த பயணத்திற்கு முன்னர், அருகிலுள்ள பேசின் பாலப் பணிமனைக்கு வந்து சேர்கின்றன. அங்கே பெட்டிகளைக் கழுவும் வேலை மட்டும் நடைபெறுவதாக எண்ணிவிடலாகாது. சக்கரம், பிரேக்கு, வில், இணைப்பு ஆகிய யாவும் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. முன்னாளில் சக்கரத்தைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அதன் நலத்தை அறிந்தனர். குறையற்ற சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசலுற்றதன் ஒலி மழுங்கியிருக்கும். சந்தையில் மட்குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் இல்லத்தரசியர் அறிந்த கலையே இது.

பழுதுற்ற புகைவண்டி இடைவழியில் நின்றுவிடலாம். வானூர்திக்கோ இடைவழியில் நிற்க இடமில்லை. ஆகவே, பேசின் பாலத்தில் புகைவண்டிக்குச் செய்யப்படுவது, மீனம்பாக்கத்தில் வானூர்திக்குப் பன்மடங்கு கருத்துடன் செய்யப்பட வேண்டியதாகிறது.

வானூர்திப் பயணம் ஒரு காலத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம், குறைந்த கட்டணத்திற்கு வழிகாட்டிற்று. மறு ஆண்டில் அந்நிறுவனம், தன்னிடமிருந்த நான்கு வானூர்திகளுள் ஒன்றை விற்க நேர்ந்தது. எஞ்சிய மூன்றைக் கொண்டே நான்கின் வேலையைச் செய்ய விரும்பியோர், தரையிறங்கிய வானூர்தியைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் பறக்கவிடப் பழகினர். நம் நாட்டில், படைத்துறையில் பணியாற்றிய கேப்டன் கோபிநாத் 2003இல் ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006இல் இண்டிகோவும் தோன்றின. கூலிவேலை செய்வோரும் தாய் தந்தையரைக் காண வானில் விரைந்து வரும் நிலை இவற்றால் உண்டாயிற்று.

கட்டணம் குறைந்தது எவ்வாறு? நிற்கும் வானூர்தி செலவு வைக்கும். பறக்கும் வானூர்தியே பொருளீட்டும். ஆதலின் ஒரு பயணத்திற்கும் மறு பயணத்திற்கும் இடையே ஏறத்தாழ அரைமணி நேரமே அதனைத் தரையில் நிறுத்துவர். பெரும்பாலும் ஒரே வகை வானூர்திகளை வாங்குவர். உதிரி உறுப்புகளைச் சேமித்தலும் தொழிலாளரைப் பயிற்றுதலும் எளிதாகும். உணவுக்குத் தனிக் கட்டணம் பெறுவர். இச்சிக்கனங்களைக் குறைகூறுதற்கில்லை; இவற்றுள் சில காப்புக்கும் துணை செய்வன. ஒரே வகைப் பொறியை நாள்தோறும் கையாள்பவர் அதன் இயல்பை நன்கு அறிவர் அன்றோ?

ஆயின், பேணும் முறையில் சலுகை இல்லை. கட்டணம் குறைவாயினும் மிகுதியாயினும் சட்டம் ஒன்றே. புறப்படுமுன் சக்கரம், இறக்கை, பொறியின் வாய் முதலியவற்றைச் சுற்றிவந்து பார்த்தல் வேண்டும். சில நூறு மணி நேரம் பறந்தபின் ஒரு சோதனை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகட்கு ஒரு பெருஞ்சோதனை. அதற்கும் மேற்பட்ட சோதனையில் உட்புறத்தை ஏறத்தாழ வெறுங்கூடாகக் கழற்றி, துருவும் விரிசலும் உளவோ எனத் தேடுவர். இத்தகைய பெரும்பணிகளைச் செய்யும் பணிமனையொன்று நம் மாநிலத்தில் ஓசூரில் இருக்கின்றது. உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டாலன்றிப் பணி முடிந்த வானூர்தி பறத்தல் கூடாது.

எல்லாப் பழுதும் அன்றே தீர்க்கப்பட வேண்டுவதில்லை. உயிருக்கு ஊறு செய்யாத பழுதுகளை அவற்றின் வகைக்கேற்ப 3 நாள், 10 நாள், 120 நாள் எனத் தவணையிட்டு ஒத்திவைக்க விதி இடந்தருகின்றது. இவ்விதி நல்லதே. எனினும், தவணைக்கு உட்பட்ட பழுதையும் அடிக்கடி தோன்றி மறையும் பழுதையும் மனிதர் எளிதாகப் பழகிக்கொள்வர். அதன் விளைவை ஒரு துயர நிகழ்ச்சி காட்டிற்று.

2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுராபயா நகரிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசியா ஏர்ஏசியா வானூர்தி, சாவகக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 162 பேரும் மாண்டனர். அந்நாட்டு ஆய்வுக் குழுவினர் ஓராண்டுக் காலம் ஆராய்ந்தனர். வாற்புறத்துச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று வரம்பிடும் கருவியொன்று உண்டு. அதன் மின்தகட்டிலிருந்த ஈயப் பற்றாசில் நுண்ணிய விரிசல் ஏற்பட்டிருந்தது. அதனால் எச்சரிக்கை தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. 2014ஆம் ஆண்டில் மட்டும் இக்கருவியின் கோளாறு 23 முறை பராமரிப்பு ஏடுகளில் பதிவாகியிருந்தது. கடைசி மாதங்களில் இடைவெளியும் சுருங்கிவந்தது. பெரும்பாலும் மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தும், சோதித்துப் பார்த்தும் வானூர்தியை அனுப்பினர். எச்சரிக்கை அப்போதைக்கு அடங்கிற்று. விரிசல் இருந்தபடியே இருந்தது.

அன்றைப் பயணத்தில் எச்சரிக்கை நான்கு முறை தோன்றியது. நான்காம் முறை, மின்னிணைப்பு வானிலேயே துண்டிக்கப்பட்டதற்கு ஒத்த அடையாளம் பதிவுக்கருவியில் காணப்பட்டது. தரையில் செய்யத்தக்க அச்செயலால், தானே இயங்கிக்கொண்டிருந்த செலுத்துகருவி விடுபட்டது. வானூர்தி ஒருபுறம் சாய்ந்து, மிகச் செங்குத்தாக மேலேறி, காற்றின் தாங்குதலை இழந்தது. விமானிகளால் அதனை மீட்க இயலவில்லை. அக்கருவியின் பழுது தனித்து ஒருவரையும் கொன்றிராது என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஏட்டில் எழுதாமை அன்று இங்கு நேர்ந்த குறை. எழுதியிருந்தனர். ஒவ்வொரு முறையும் வந்த தொழிலாளர் அந்நாளைய பக்கத்தை நோக்கினர்; முன்னைய பக்கங்களைச் சேர்த்துப் படித்து, ‘இது எத்தனையாம் முறை?’ என்று வினவும் ஏற்பாடு போதிய அளவில் இல்லை. அரைமணியில் புறப்பட வேண்டிய வானூர்தியின் அருகே நின்று அவ்வினாவை எழுப்புவதற்கு அறிவு மட்டும் போதாது. ‘இன்று இது பறக்கலாகாது’ என்று சொல்பவரைச் சினவாத மேலாளரும் வேண்டும். தன் கைப்பிழையைத் தானே வந்து சொல்லும் தொழிலாளியைத் தண்டியாது கேட்டுக்கொள்ளும் வழக்கமும் வேண்டும். தண்டனைக்கு அஞ்சுமிடத்தில் பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

நிறுவனத்தார் தயங்குமிடத்தில் அரசும் ‘நில்’ என்று சொல்லும். 2018 மார்ச்சு மாதத்தில், ஒருவகைப் புதிய பொறிகளில் குறை தோன்றவே, நம் நாட்டு வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இண்டிகோவின் 8 வானூர்திகளையும் கோஏர் நிறுவனத்தின் 3 வானூர்திகளையும் தரையில் நிறுத்திற்று. பல பயணங்கள் கைவிடப்பட்டன. பயணிகள் சினந்தனர், சினம் இயல்பே.

இவ்விழிப்பு சிறு பொருள்களிலும் காணப்படும். நல்ல பணிமனையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவமாகவே வெட்டிய குழியுள்ள பேழை உண்டு. வேலை முடிந்ததும் கருவிகளை அவ்வவற்றின் குழியில் வைப்பர். ஒரு குழி வெறுமையாயிருப்பின், கருவி வானூர்திக்குள் தங்கியிருக்கலாம்; பொறிக்குள்ளோ இயக்குகம்பிகளுக்கிடையிலோ அது சிக்கினால் என்ன நேரும் என்று சொல்ல இயலாது. கிடைக்கும்வரை வானூர்தியை விடமாட்டார்கள். நிலையத்தில் காத்திருப்போர்க்குத் ‘தாமதம்’ என்னும் ஒரு சொல்லே அறிவிக்கப்படும். அந்நேரத்தில் கொட்டகைக்குள் நான்கைந்து பேர் கைவிளக்கேந்தி, முழந்தாளிட்டு, ஒரு சிறு திருப்புளியைத் தேடிக்கொண்டிருப்பர்.