தோட்ட வாயிலில் நின்ற சபை உறுப்பினர்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு, தெல்தெனியவைக் கடந்து மலையேறி, பின்னர் புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளில் இறங்குகின்றது. அதற்கு முன் பிரயாணிகள் தேநீர் அருந்தி இளைப்பாறும் ஊர்களுள் ஒன்று ஹுன்னஸ்கிரிய. இங்கிருந்தே லூல்வத்தைக்கும் மீமுரேக்கும் கிளைப்பாதை பிரிகின்றது. விடுமுறை நாட்களில் கொழும்பு வாலிபர்கள் தோள்மூட்டையுடன் தேயிலைச் சரிவுகளினூடே எவரையும் கேளாது நடந்து செல்வதைக் காணலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது ஆகாத காரியம். தோட்டமும், அதனுள் ஓடிய பாதையும், பாதையோரத்து லயங்களும் துரைத்தனத்தின் சொத்து. அனுமதியின்றி உள்ளே கால் வைத்தவன் மீது அத்துமீறிப் புகுந்த குற்றம் சாட்டப்படும். சட்டசபை உறுப்பினர் என்பதற்காக அச்சட்டம் விலகி வழிவிடவில்லை.

தம் மக்களை அவர்கள் வீட்டு வாயிலிலேனும் சென்று காண இயலாத ஒரு பிரதிநிதி என்ன செய்வான்? இக்கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர் கோ. நடேசய்யர்.

ஐயர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர். 1887ஆம் ஆண்டில் பிறந்தவர். வணிகர்களுக்கெனப் பத்திரிகை நடத்தியவர். கணக்குப் பதிவு முதலிய துறைகளில் நூல்கள் எழுதியவர். இத்தகையவர் மலைநாட்டுக் கூலி மக்களின் வழக்கைக் கையில் எடுப்பார் என அன்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வணிகர் தொடர்பாக இலங்கைக்கு வந்தவரின் கண்ணில் தோட்டங்கள் பட்டன. உள்ளே நுழைய வழியில்லை. ஆயினும் புடவை வியாபாரி மாத்திரம் லயத்துக்குள் வரலாம். சம்பள நாளில் அவனைத் துரையும் தடுப்பதில்லை, கங்காணியும் தடுப்பதில்லை. ஆகவே, ஐயர் புடவை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்! சேலையை விரித்து விலை பேசிய வேளையிலே, பேர் போடுவதையும், கடன் கணக்கையும், காம்பராவின் நீள அகலத்தையும் கேட்டறிந்தார். கண்டதை எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் மேடைகளில் அவர் ஆற்றிய உரைகளைவிட இந்தப் புடவை மூட்டையே அவருடைய குணத்தை நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது என்பது என் எண்ணம்.

அக்காலத்துக் கடன் சாதாரணமானதன்று. இந்தியாவிலிருந்து ஆள் கட்டி வரும் செலவு முழுவதும் தொழிலாளியின் பெயரில் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறும். அக்கடனைத் தீர்ப்பவர் இவனை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டோடு தொழிலாளியும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி சுந்தரமும் 1919இல் தொழிலாளர் நலன் காக்கும் சங்கத்தை ஆரம்பித்துப் போராடியதன் பின், 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. கடன் பழக்கமோ அவ்வளவு எளிதில் ஒழியவில்லை.

ஐயர் கொழும்பில் நிலைகொண்டு முதலில் ‘தேசநேசன்’, பின்னர் 1924இல் ‘தேசபக்தன்’ எனப் பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உப தலைவராகவும் இருந்தார். 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி சட்டநிரூபண சபையில் இந்தியருக்கு இரண்டு ஸ்தானங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று வெற்றிடமானபோது இடைத்தேர்தலில் வென்று சபை புகுந்தார். தீவு முழுவதும் அவருடைய தொகுதி. ஹுன்னஸ்கிரிய மலையில் கொழுந்து பறித்தவளும் அவருடைய பொறுப்பில் இருந்தவளே. ஆனால் வருமானமும் எழுத்தறிவும் கேட்ட அக்காலத்து வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் அவளுக்கு வாக்கு இல்லை. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். ஐயரோ வாக்கில்லாதவர்களுக்காகப் பேசினார். வாக்காளர் தயவை நாடும் அரசியல்வாதிக்கு இது ஆபத்தான காரியமல்லவா?

1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1929 முதல் உயர்நிலத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நிர்ணயமாயிற்று. இன்று படிக்கும்போது சிரிப்பும் துயரமும் ஒருங்கே எழும் கணக்கு இது. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் இதையும் குறைத்தார்கள்.

இதற்கிடையில் குணசிங்காவோடு பிளவு ஏற்பட்டது. வேலையின்மை பெருகிய கொழும்பில் இந்தியருக்கு எதிரான குரலைக் குணசிங்கா எழுப்பியபோது, ஐயர் அங்கிருந்து விலகி மலைநாட்டை நாடினார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஸ்தாபித்தார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுவே.

இவ்விடத்தில் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரைக் குறிப்பிடாமல் செல்வது பெரும் பிழையாகும். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப் பிரசுரம் என்ன பேசும்? அம்மையார் நாட்டுப் பாடல் மெட்டுகளில் தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டிக் கூட்டத்தின் முன் பாடினார். பாட்டைக் கேட்கக் கூட்டம் சேரும். சேர்ந்த பின் ஐயர் பேசுவார். மனனம் செய்த பாட்டை லயத்துக்குக் கொண்டு சென்றவர் மீது அத்துமீறல் வழக்குத் தொடர எச்சட்டத்தில் இடமுண்டு?

1936இல் ஹட்டன் தொகுதி ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இம்முறை சர்வஜன வாக்குரிமையின் பயனாகத் தொழிலாளரில் ஒரு பகுதியினரேனும் தாமே வாக்களித்தனர். தோட்டத்துரையின் அதிகாரம் எத்தகையது என்பதற்கு அடுத்த ஆண்டே ஓர் உதாரணம் கிடைத்தது. தும்பறை மலைகளில் மடுல்கலையை அடுத்த ரெலுகஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகப் பழகிய பிரேஸ்கர்டில் என்னும் வெள்ளை வாலிபர், தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினார். அவரை நாடு கடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். வெள்ளையருக்கே இக்கதி! 1937 மே மாதம் அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் அக்கட்டளையைக் கண்டித்தது. உயர் நீதிமன்றமும் அவரை விடுவித்தது.

ஐயரிடம் குறைகள் இல்லாமலில்லை. சங்கத்தைத் தம் ஒருவரின் தோளிலேயே சுமந்தார். அவர் தளர்ந்தபோது அதுவும் தளர்ந்தது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும் தொழிலாளர் அதன்பால் திரண்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களை வென்றது. கண்டிப் பகுதியின் நாவலப்பிட்டியும் அவற்றுள் ஒன்று. பாதையைத் திறந்த ஐயர் அத்தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். மலையக எழுத்தாளர் சாரல்நாடன் அவர் வரலாற்றைத் தேடித் தொகுத்து நூலாக்கியிராவிடில், இன்று நம்மில் பலருக்கு அப்பெயரே தெரிந்திராது.

அவர் காணாமற்போன ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. தோட்ட மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அகன்றன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஸ்தானங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில். புடவை மூட்டை சுமந்தவர் மறைந்து அப்பொழுது ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.