பழைய மோட்டாருக்கு எந்த ஸ்டார்ட்டர்?



கோவைப் பக்கம் மில்லில் கழித்த மூன்று பேஸ் மோட்டாரைப் பழைய சாமான் கடையில் வாங்கிக் கிணற்றுக்கு வைக்கிறவங்க உண்டு. அதில் தப்பில்லை. பேரிங்கும் வைண்டிங்கும் நன்றாயிருந்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் கடைக்காரர் கூடவே தள்ளிவிட்ட ஏதோ ஒரு ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டு, பயிர் வாடுகிற நேரத்தில் ரீவைண்டிங் கடை வாசலில் நிற்கும்படி ஆகக் கூடாது.

முதலில் மோட்டார் தகட்டைத் துடைத்துப் படியுங்க. ஸ்டார்ட்டர் வாங்க முக்கியமாக வேண்டியது ஆம்பியர். தகடு தேய்ந்திருந்தால், 415 வோல்ட்டில் ஒரு குதிரைசக்திக்கு ஒன்றரை ஆம்பியர் என்பது கைக்கணக்கு. 5 குதிரைசக்திக்கு ஏழரை, 10க்குச் சுமார் 15.

டி.ஓ.எல். என்கிற நேரடி ஸ்டார்ட்டர்தான் விலை குறைவு, பழுதும் குறைவு. 5 குதிரைசக்தி வரை பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேலே போனால், கிளம்பும்போது ஆறேழு மடங்கு கரண்ட் இழுத்து லைனையே தொய்ய வைக்கும். ஸ்டார்-டெல்டா போட்டால் அது மூன்றில் ஒரு பங்காகும். எந்த அளவுக்கு மேல் அது கட்டாயம் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கோங்க. ஒன்று, கிளம்பும் முறுக்கும் மூன்றில் ஒன்றாகிவிடும். பம்புக்கு அது போதும். சுமையோடு கிளம்பும் கரும்பு ஆலைக்குப் போதாது.

ஆனா ஸ்டார்-டெல்டா எல்லா மோட்டாருக்கும் பொருந்தாது. வயர் சேருகிற பெட்டியைத் திறந்து பாருங்க. ஆறு முனை வெளியே வந்திருக்கணும். மூணுதான் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். ஆறு இருந்தும் ஏமாறலாம். வெளிநாட்டு மெஷினோடு வந்த மோட்டார் சிலதில் டெல்டா 220, ஸ்டார் 380 என்று போட்டிருக்கும். அதை நம்ம லைனில் ஸ்டாரில் மட்டுமே ஓட்டணும். டெல்டாவுக்கு மாறிய உடனே 220 வோல்ட்டுக்குச் சுற்றிய கம்பியில் 415 பாயும், புகைதான் வரும். தகட்டில் டெல்டாவுக்கு நேரே 400 அல்லது 415 வோல்ட் இருந்தால்தான் ஸ்டார்-டெல்டா.

பழைய ஸ்டார்ட்டரே வாங்கலாமா என்று கேட்பீங்க. கான்டாக்டரைப் பழசாக வாங்கலாம், முனைகள் குழி விழாமல் இருந்தால். அதன்மேல் ஏசி-1, ஏசி-3 என்று இரண்டு ஆம்பியர் அச்சிட்டிருக்கும். பெரிய எண்ணைக் காட்டித்தான் விற்பாங்க. மோட்டாருக்கு ஏசி-3 எண்தான் கணக்கு. காயில் வோல்ட்டையும் பாருங்க. தொழிற்சாலைப் பேனலில் இருந்து கழற்றியது 110 வோல்ட் காயிலாக இருக்கலாம். வோல்ட்டேஜ் இறங்குகிற ஊரில், குறைந்த வோல்ட்டிலும் பிடிக்கும் காயில் கேட்டு வாங்குங்க. இல்லாவிட்டால் கடகடவென்று ஆடி முனை தீய்ந்துபோகும்.

ரிலேயை மட்டும் புதுசாக வாங்குங்க. காசு மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. டி.ஓ.எல்.லில் தகட்டு ஆம்பியர் ரிலேயின் அளவுக்குள் வரணும். ஸ்டார்-டெல்டாவில் ரிலே பெரும்பாலும் வைண்டிங் வழியில் உட்காருவதால், தகட்டு ஆம்பியரில் நூற்றுக்கு 58 பங்கு. 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. இதை 15இல் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான். அடிக்கடி விழுகிறதே என்று முள்ளை ஏற்றிவைக்கிற வேலையும் வேண்டாம். விழுவதற்குக் காரணத்தைத் தேடுங்க. ஒரு பேஸ் போனால் மீதி இரண்டிலும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். அதற்கு சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்றும் சேர்த்துப் போடுங்க. ரீவைண்டிங் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம்.

எர்த் கம்பி கட்டி, எல்லாம் மாட்டி, தண்ணீர் முழுசாக விழும்போது டாங் டெஸ்டரால் மூன்று வயரிலும் பார்க்கச் சொல்லுங்க. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக, தகட்டு அளவுக்குள் இருக்கணும். ரிலேயைச் சரியான எண்ணில் திருப்பி வைத்த பிறகே வயர்மேனை அனுப்புங்க.