தலைவெட்டுக் கோவிலின் கதவு

வடநாட்டு இருப்புப்பாதை நகர்களிலும் பட்டாளம் தங்கிய பழைய ஊர்களிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு 'ஜாதுகர்' என்னும் சொல் புதிதன்று. ஊரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு பழங்கட்டடம் நிற்கும். அதன் சன்னல்கள் சாத்தியே கிடக்கும். முகப்பில், கொத்தர் கையாளும் மூலைமட்டமும் வட்டம் போடும் கவராயமும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். பொழுது சாய்ந்தபின் அப்பக்கம் போகலாகாது என்று பிள்ளைகளை அடக்குவோரும் உண்டு. ஜாதுகர் என்றால் மாயவித்தை வீடு என்று பொருள்.

இவ்வச்சத்தைக் கண்டு வடநாட்டாரை நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் தென்னாட்டார் அதே கட்டடத்திற்கு இதனினும் கொடிய பெயரை வைத்தனர். தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்து, 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி அப்பெயரைக் குறித்து வைத்திருக்கிறது. 'தலைவெட்டுக் கோவில்' என்பதே அது. உள்ளே புகும் புது ஆளின் தலையைக் கொய்து, மீண்டும் உடலில் ஒட்டவைப்பார்கள் என்று மக்கள் நம்பினராம்!

உண்மையில் அது பிரீமேசன் என்னும் சங்கத்தாரின் கூடம். 'லாட்ஜ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். நாம் வெளியூர் சென்றால் தங்கும் லாட்ஜ் வேறு, இது வேறு. கல் தச்சர்களின் பழைய தொழிற்சங்க மரபைத் தழுவி எழுந்த இவ்வியக்கம், 1717ஆம் ஆண்டில் இலண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமைச் சங்கம் கண்டதிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. கட்டடம் கட்டும் கருவிகளை ஒழுக்கத்தின் அடையாளமாகக் கொண்டு, மாணாக்கன், தொழிலாளி, ஆசான் என மூன்று படிகளில் உறுப்பினரை ஏற்றுவது அதன் முறை. ஆசான் படியேறும் சடங்கில், சாலமோன் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி கொலையுண்ட கதையை நடித்துக் காட்டுவர். வாயிலில் ஒருவர் உருவிய வாளுடன் காவல் நிற்பார். சாத்திய கதவு, உருவிய வாள், உள்ளே ஒரு கொலைக்கதை: தலைவெட்டும் வதந்தி பிறக்க வேறென்ன வேண்டும்?

இச்சங்கம் நம் நாட்டிற்கு வந்தது கும்பெனியார் காலத்தில். 1730ஆம் ஆண்டிலேயே கல்கத்தா வில்லியம் கோட்டையில் ஒரு லாட்ஜ் அமைந்தது. பின்னர் பட்டாளங்கள் தம் லாட்ஜையும் உடன் கொண்டு ஊர் ஊராய்ச் சென்றன. இருப்புப்பாதை வந்தபின் அதன் அதிகாரிகளும் ஊழியர்களும் சேர்ந்தனர். சிற்றூர் லாட்ஜுகள் பல இவ்வாறு தோன்றியவையே. ஆண்டுக்கொரு தலைவரைத் தேர்வர், சந்தா தண்டுவர், இறந்த உறுப்பினரின் மனைவி மக்களுக்கு உதவுவர். பெண்களைச் சேர்ப்பதில்லை. புதியவரைச் சேர்க்கவோ விலக்கவோ வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் இட்டு மறைவாக வாக்களிப்பர்.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி இருக்கிறது. 'மாந்தர் அனைவரும் உடன்பிறப்பினர். இறைவன் ஒருவன் உண்டென நம்பும் எச்சமயத்தாரும் வரலாம்' என்பது இவர்கள் கொள்கை. ஆயின் இந்தியர் கதவைத் தட்டியபோது அக்கொள்கை என்னவாயிற்று?

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1775ஆம் ஆண்டில் நம் திருச்சிராப்பள்ளியில், ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத் உல் உமாரா சேர்த்துக்கொள்ளப்பட்டார். இச்சங்கம் புகுந்த முதல் இந்தியர் அவரே என்பர். ஆனால் நவாபின் மகனுக்குத் திறந்த கதவு, பிறர்க்கு எளிதில் திறக்கவில்லை.

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியார் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். அவர் கடல் கடந்து 1842இல் பாரிசு நகரில் உறுப்பினராகித் திரும்பினார். அதன்பின்னும் பம்பாயில் இடர்ப்பாடு தீரவில்லை. முடிவில், டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஆங்கில ஆட்சி மருத்துவர், இந்தியரும் சேரத்தக்க 'மேலை இந்தியாவின் உதயதாரகை' என்னும் லாட்ஜை 1843இல் நிறுவினார்.

வங்காளத்தில் நிலை இன்னும் கடினம். இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர். ஒரே இறைவன்மீது ஆணையிட அவர்களால் ஆகாது என்று அங்குள்ளோர் வாதிட்டனர். பிரசன்ன குமார தத்தர் என்பவர் இதனை ஏற்கவில்லை. 1863இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஓயாது வாதாடினார். இலண்டன் தலைமைக்கும் எழுதினார். 1872இல் கல்கத்தாவின் 'நங்கூரமும் நம்பிக்கையும்' லாட்ஜில் கதவு திறந்தது. அவர் அன்று வாதாடித் திறந்த அந்த லாட்ஜில்தான் 1884இல் நரேந்திரநாத தத்தர் என்னும் இளைஞர் சேர்ந்தார். உலகம் பின்னாளில் அவரை விவேகானந்தர் என்று அறிந்தது.

ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1886இல் இலாகூரில் சேர்ந்தபோது அகவை இருபதே. இந்து, முஸ்லிம், சீக்கியர், யூதர் யாவரும் அங்கு உறுப்பினராயிருந்ததை அவர் பெருமையுடன் நினைவுகூர்ந்தார். தாய் லாட்ஜைப் பற்றிய அவர் பாட்டில் ஸ்டேஷன் மாஸ்டரும் ஓர் உறுப்பினர்! எனினும், சாதி கெடுமென்று அவர்கள் ஒருங்கே அமர்ந்து உண்ணவில்லை என்பதையும் அப்பாட்டே சொல்கிறது. உடன்பிறப்பு என்று அழைத்தவர்களுக்கும் உடன் உண்பது அரிதாயிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின், 1961 நவம்பர் 24ஆம் நாள் புதுதில்லியில் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சங்கம் அமைந்தது. இராம்பூர் நவாபு ரசா அலி கான் அதன் முதல் தலைவர். எல்லைக்கு அப்பால், பாகிஸ்தான் அரசு 1972இல் இவ்வியக்கத்தைத் தடை செய்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எத்துணை நற்செயல் புரியினும், வெளியே நிற்பவன் கண்ணுக்கு அது தலைவெட்டும் இடமாகவே தோன்றும். இஃது ஒன்று. எழுதிவைத்த கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும், விலக்கப்பட்டவன் விடாது தட்டினாலன்றிக் கதவு திறவாது. இஃது இரண்டு.

பிழைப்பு நாடி வந்த இடத்தில் நாமும் சங்கம் வைத்திருக்கிறோம். 'தமிழர் அனைவரும் ஒரு குடும்பம்' என்று நம் விதிகளிலும் எழுதியிருக்கிறோம். பொங்கல் விழாவன்று அதிகாரி வீட்டார் முன்வரிசை நாற்காலியிலும், கலாசி வீட்டார் பின்னே விரித்த பாயிலும் அமர்வதை நாம் காணாதவர்களா? புதிதாய் வந்த குடும்பம், யாரும் அழைக்கவில்லையே என்று விழாவுக்கு வாராமல் இருந்துவிடுவதில்லையா?

நம் வாயிலில் வாளேந்திய காவலர் இல்லை. ஆயினும், அழைப்பின்றி வந்தவரை ஏற இறங்கப் பார்க்கும் பார்வை வாளினும் கூரியது. அடுத்த விழாவில் பாயையும் நாற்காலியையும் கலந்து போடுவோமாக. உறுப்பினர் பதிவேட்டில் உத்தியோகத்திற்கு முன் பெயரை எழுதுவோமாக. நம் கூடத்தின் கதவு திறந்தே இருக்கட்டும்.