கஞ்சா இலையின் மயிர்களும் சுரப்பிகளும்

மாணவர்களே, இலையின் மேற்றோல் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது பலர் இலைவாய்களுடன் நின்றுவிடுகின்றனர். மேற்றோற் கலங்களிலிருந்து வெளிநோக்கி வளரும் மயிர்களையும் நினைவில் வைத்திருங்கள். விலங்குகளின் உரோமம் கெரற்றின் எனும் புரதத்தாலானது. தாவர மயிரோ கலச்சுவர் கொண்ட கலமாகும். சிலவற்றில் பல கலங்களும் இருக்கும்.

இங்கு கஞ்சாவை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவரிடம் கைப்பற்றப்பட்ட உலர்ந்த தூள் கஞ்சாதானா எனப் பரிசோதிப்போர் நுணுக்குக்காட்டியின் கீழ் தேடும் முக்கிய அடையாளம் இம்மயிர்களே. இலை தூளானாலும் மயிர்கள் பெரும்பாலும் சிதையாமல் இருக்கும். ஒருவர் சிறை செல்வதா இல்லையா என்பது இந்த அவதானிப்பில் தங்கியிருக்கலாம்.

கஞ்சா இலையின் மேற்பரப்பில் உள்ள மயிர்கள் குட்டையானவை. வளைந்த நகம் போன்றவை. அவற்றின் அகன்ற அடிப்பகுதியில் கல்சியங் காபனேற்றுப் படிவொன்று உண்டு. இது சிஸ்டோலித் எனப்படும். ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒரு துளி இட்டால் அதிலிருந்து குமிழிகள் எழும். வாயு எதுவென்று உங்களுக்குத் தெரியும்: சுண்ணாம்புக் கல்லுடன் அமிலம் தாக்கமுறும்போது வெளிவரும் அதே காபனீரொட்சைட்டுத்தான். இரசாயனப் பாடத்தில் படித்ததை உயிரியலில் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஆனால் இந்த மயிரை மட்டும் கண்டு முடிவுக்கு வரக்கூடாது. பியர் தயாரிப்பில் சேர்க்கப்படும் ஹொப்ஸ் உட்பட வேறு தாவரங்களிலும் சிஸ்டோலித் மயிர்கள் உண்டு. ஆகவே அதே இலைத்துண்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கஞ்சாவின் கீழ்ப்பரப்பில் மெல்லிய, நீண்ட மயிர்கள் காணப்படும். இரு பரப்புகளின் மயிர்களையும் சுரப்பிகளையும் சேர்த்தே நோக்குவர். அதன் பின்னர் இரசாயனப் பரிசோதனையும் செய்வர்.

சுரப்பி மயிர்கள் மூவகைப்படும். மிகச் சிறிய குமிழ்ச் சுரப்பி ஏறத்தாழ 15 முதல் 30 மைக்குரோமீற்றர் அகலமுடையது. அடுத்தது, காம்பு வெளித்தெரியாது மேற்றோலில் ஒட்டியிருப்பது. மூன்றாவது, பல கலங்களாலான காம்பின் மேல் உருண்டைத் தலை கொண்டது. உருவில் குண்டூசியை ஒத்தது. இதன் உயரம் அரை மில்லிமீற்றர் வரை செல்லலாம். பெண் பூக்களைச் சூழ்ந்த பூவடியிலைகளில் இவ்வகையே செறிந்திருக்கும்.

தலையின் அமைப்பைக் கவனியுங்கள். சுரக்கும் கலங்கள் தட்டுப்போல் ஒரு படையாக அமைந்துள்ளன. அவை சுரக்கும் பிசின் கலங்களுக்குள் தங்குவதில்லை. அவற்றுக்கும் மேலுள்ள புறத்தோலுக்கும் இடையிலான குழியில் சேர்கிறது. புறத்தோல் பலூன்போல உப்புவது இதனாலேயே. போதைக்குக் காரணமான சேர்வைகளும் தாவரத்தின் மணத்தைத் தரும் பொருள்களும் இப்பிசினிலேயே உள்ளன. படம் வரைவோர் பிசினைக் கலத்தின் உள்ளே குறிக்க வேண்டாம்.

இதைப் பார்க்கக் கஞ்சாவைத் தேட வேண்டியதில்லை. அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். தக்காளித் தண்டைக் கைவில்லையால் பாருங்கள். மயிர்களிடையே நுனியில் தலையுடைய சுரப்பிகளும் தெரியும். இலையைத் தேய்த்த விரலை முகர்ந்தால், உடைந்த சுரப்பிகளின் மணம் வரும்.