பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கிறோம்?

மெர்சிங் என்றதும் பலருக்கும் தீயோமான் தீவுக்குப் போகும் படகுத்துறைதான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொறியியல் படிக்க ஸ்கூடாய்க்கும் பத்து பஹாட்டுக்கும் பெட்டி கட்டுவது அவ்வளவாகப் பேச்சில் வராது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பிள்ளைக்கோ, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது அந்தப் பதற்றம் மறுபடி வருகிறது.

இந்தப் பயிற்சி விருப்பப் பாடம் அல்ல. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது 8 வாரத் தொடர் பயிற்சி வேண்டும். பட்டம் பெற்ற பிறகும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்து, குறைந்தது 3 ஆண்டு அனுபவம் சேர்த்தால்தான் தொழில்முறைப் பொறியாளர் ஆகும் வழி திறக்கும். வகுப்பறை மட்டும் போதாது என்பது பழைய எண்ணம்தான். 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களை மாறி மாறி வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பித் தொடங்கி வைத்தார்.

என் சித்தி மகன் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். முப்பது நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினான். பதில் வந்தது இரண்டு. ஒன்று ஜொகூர் பாருவில் குளிர்சாதன அலுவலகம். மற்றது மெர்சிங் வட்டாரச் செம்பனை ஆலை. "எண்ணெய்க் கறையோட நிக்கவா படிக்க வச்சோம்? உங்க தாத்தா தோட்டத்துல பட்ட பாடு போதாதா?" என்று சித்தி கேட்டார். அந்தக் கேள்வியில் இரண்டு தலைமுறை வலி இருக்கிறது. ஆனாலும் நான் ஆலைப் பக்கம்தான் பேசினேன்.

காரணம் இது. பறித்த பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்கப் பார்ப்பார்கள், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடும். வேகவைக்க நீராவி வேண்டும். பிழிந்த பழத்தின் நாரும் ஓடுமே பாய்லருக்கு எரிபொருள். அதே நீராவி டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருப்பதெல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் ஓடுகிறது.

ஆலைப் பொறியாளர் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்தாராம்: பாய்லர் அழுத்தம் ஏன் அடிக்கடி இறங்குகிறது? இரண்டு வாரம் மணிக்கணக்காகக் குறித்துவைத்தான். வேகவைக்கும் கலன்கள் இரண்டுக்கு ஒரே நேரத்தில் நீராவி திறந்துவிடுவதுதான் காரணம் என்று தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் அறிக்கையில் சிவப்பு மை. அங்கே பாய்லரோடு முப்பது வருடம் கழித்த ஒரு மாமா, பட்டம் எதுவும் இல்லாதவர், ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்பின் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். "சத்தம் மாறுறப்பவே தெரிஞ்சுக்கணும் தம்பி, நின்ன பிறகு பார்க்கிறதுக்கு யாரும் வேணாம்."

அவன் நண்பன் ஒருவன் வேறொரு பெரிய அலுவலகத்தில் அதே வாரங்களை நகலெடுப்பதிலும் கோப்பு அடுக்குவதிலும் கழித்தான். சான்றிதழ் இருவருக்கும் ஒன்றுபோலத்தான் வந்தது. நேர்முகத்தேர்வில் "என்ன செய்தாய்?" என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

பணமும் ஒரு பாரம். மெர்சிங்கிலிருந்து பாசீர் கூடாங் போகும் பிள்ளைக்கு அறை வாடகை, பெட்ரோல், சாப்பாடு. உதவித்தொகை தராத நிறுவனங்களும் உண்டு. வசதியில்லாத பிள்ளை நல்ல இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்ததைப் பிடிக்கிறான். முறையான பயிற்சித் திட்டம் நடத்தும் நிறுவனங்களுக்கு அரசு இரட்டை வரிக்கழிவு அளித்து வந்திருக்கிறது. சொந்தமாகப் பட்டறை, நிறுவனம் நடத்தும் நம்மவர்கள் அதைக் கணக்காளரிடம் விசாரிக்கலாம். ஃபோர்மேன், சார்ஜ்மேனாக இருக்கும் அண்ணன்மார் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னாலே சில கதவுகள் திறக்கும்.

அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: என்னை மேற்பார்ப்பவர் யார்? என் கையில் என்ன வேலை தருவீர்கள்? "வந்து பாருங்க" என்பது மட்டுமே பதிலானால், இன்னும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.